சாட்ஸ் ஹாப்ஸ் இட்டுக் காய்ச்சிய பீரில் கோளாறா? அறிகுறி வாரியாகக் காரணமும் திருத்தமும்

செக் குடியரசின் வடமேற்கில், ஓஹ்ரே ஆற்றங்கரையிலுள்ள ஜாடெட்ஸ் நகரைச் சுற்றி விளையும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடிப்பூ ரகத்தை, அந்நகரின் ஜெர்மன் பெயரைக் கொண்டு உலகம் சாட்ஸ் என்று அழைக்கிறது. பவேரியாவிலிருந்து வந்த யோசெஃப் க்ரோல் 1842 அக்டோபர் 5ஆம் நாள் பில்சென் நகரில் குளிரில் புளிக்கவைக்கும் லாகர் வகையில் தம் முதல் பொன்னிறப் பீரைக் காய்ச்சிய காலந்தொட்டு, பில்ஸ்னர் என்ற பீர் வகையின் பெயரோடு இந்த ரகத்தின் பெயரும் சேர்ந்தே பேசப்பட்டு வருகிறது. ஜாடெட்ஸ் ஹாப்ஸ் என்ற பெயருக்கு 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது; 2023இல் அங்குள்ள ஹாப்ஸ் தோட்டங்களும் நகரத்தின் பழைய கிடங்குகளும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தன.

இவ்வளவு பெயர் பெற்ற ரகம் என்றாலும், கையாள்வதற்கு இது எளிதானதன்று. கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் இதில் 2.5 முதல் 4.5 சதவீதமே உண்டு. கசப்புக்கென்றே வளர்க்கப்படும் ரகங்களில் அது 12 சதவீதத்தையும் தாண்டும். மணத்தைத் தரும் எண்ணெயும் 100 கிராமுக்கு ஒரு மில்லிலிட்டருக்குள்தான். அந்தச் சிறிய அளவுக்குள் ஃபார்னசீன் என்ற சேர்மம் பெரும்பாலான ரகங்களில் காணாத அளவுக்கு மிகுந்திருப்பது சாட்ஸின் அடையாளம். போதாக்குறைக்கு, இது விரைவில் பழசாகிவிடும். இந்த ரகத்தால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இம்மூன்று பண்புகளிலிருந்தே பிறக்கின்றன. அதே வேளையில், ‘சாட்ஸ் சரியில்லை’ என்று சொல்லப்படும் குறைகளில் கணிசமானவை தண்ணீராலும் ஈஸ்ட்டாலும் வெளிச்சத்தாலும் வருபவை. ஹாப்ஸை மாற்றுவதால் அவை தீர்வதில்லை. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறியிலும், குற்றம் பூவினுடையதா வேறொன்றினுடையதா என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலையாக வைக்கப்பட்டுள்ளது. கணக்குகள் எல்லாம், வீட்டில் காய்ச்சச் சட்டம் இடந்தரும் நாடுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் 20 லிட்டர் அளவுக்கு, 12 டிகிரி ப்ளேட்டோ அடர்த்தியை (எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் சர்க்கரைப்பொருள்) ஒட்டிய, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் சாற்றுக்குப் போடப்பட்டவை.

காய்ச்சுவதற்கு முன்: உறையைப் படியுங்கள்

உறையில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்: அறுவடை ஆண்டு, அந்த ஆண்டுச் சரக்குக்கு அளந்த ஆல்ஃபா அமில விகிதம், விளைந்த நாடு. அடைத்த தேதியை அறுவடை ஆண்டாக எண்ணிவிடக் கூடாது. சாட்ஸ் ஆகஸ்ட் பிற்பாதியில் தொடங்கிச் செப்டம்பர் முற்பகுதிக்குள் அறுவடையாகிவிடுகிறது. ஆகவே ஜூலையில் புதிதாகச் சிறு உறையில் அடைத்து விற்கப்படும் சரக்கும் உண்மையில் பத்து மாதத்துக்கு மேற்பட்டதே. காற்று நீக்கிய உறை கல்போல் இறுகியிருக்க வேண்டும். விரலால் அழுத்தும்போது உள்ளே இருப்பது நகர்ந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். ‘ஆல்ஃபா 3–4.5’ என்று வீச்சு மட்டும் அச்சிட்டு, குறிப்பிட்ட சரக்கின் அளவைத் தராத உறையை நான் வாங்குவதில்லை. அதை வைத்துக் கணக்குப் போட முடியாது என்பதே காரணம்.

அறிகுறி: கசப்பு போதவில்லை, மால்ட்டின் இனிப்பே முன்னால் நிற்கிறது

செய்முறையை எழுதியவர் பயன்படுத்திய சாட்ஸும் உங்கள் கையிலுள்ள சாட்ஸும் ஒரே ஆல்ஃபா அளவுடையவை அல்ல என்பதே இதற்கு முதற்காரணமாக இருக்கும். 12 சதவீத ரகத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. 4 சதவீத ரகத்தில் அதே ஒரு சதவீதம் குறைந்தால் கசப்பில் கால் பங்கு போய்விடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆல்ஃபா 3 சதவீதமுள்ள சாட்ஸில் 60 கிராமைக் கொதியின் கடைசி 90 நிமிடத்துக்கும், 50 கிராமைக் கடைசி 30 நிமிடத்துக்கும், 30 கிராமைக் கடைசி 10 நிமிடத்துக்கும் இட்டால், கசப்பைக் கணக்கிட உதவும் டின்செத் வாய்ப்பாட்டின்படி முறையே ஏறத்தாழ 22, 13, 4 கசப்பு அலகுகள் கிடைக்கும், மொத்தம் 39. செக் நாட்டு வெளிர் லாகருக்கு அது பொருத்தமான அளவு. இதே 140 கிராம், சில மாதம் அறை வெப்பத்தில் கிடந்து ஆல்ஃபா 2.2 சதவீதமாகக் குறைந்திருந்தால் மொத்தம் 29 அலகுக்கு இறங்கிவிடும். மறுபுறம், 4.5 சதவீதச் சரக்கைக் கொண்டு எழுதிய செய்முறையில் இதே 39 அலகுக்கு 93 கிராம் என்றிருக்கும். அதை அப்படியே 3 சதவீதச் சரக்குக்கு எடுத்துக்கொண்டால் கிடைப்பது 26தான். செய்முறையில் கிராம் கணக்கு மட்டும் இருந்து ஆல்ஃபா கணக்கு இல்லையென்றால், அது பாதிச் செய்முறை.

கணக்குச் சரியாக இருந்தும் கசப்பு குறைந்தால் கொதியைப் பார்க்க வேண்டும். ஆல்ஃபா அமிலம் நீரில் எளிதில் கரையாது. கொதிக்கும் சூட்டில் வடிவம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலமான பிறகே பீரில் தங்கும். அடுப்பின் வலு போதாமல் சாறு மெல்லச் சலனமிட்டுக்கொண்டிருந்தாலோ, ஹாப்ஸை இறுக்கமான துணிப்பையில் திணித்துத் தொங்கவிட்டாலோ அந்த மாற்றம் குறையும். 140 கிராம் பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ் குளிகை) நனைந்தால் எவ்வளவு ஊதும் என்பதைப் பார்த்தவர்கள் சிறிய பையைப் பயன்படுத்த மாட்டார்கள்.

ஏற்கெனவே புளித்து முடிந்த பீரில் கசப்பைக் கூட்ட விரும்பினால், கொஞ்சம் தண்ணீரில் கசப்பு ரக ஹாப்ஸைக் கொதிக்கவைத்து வடிகட்டி ஊற்றலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் காற்றும் சேர்ந்து உள்ளே போகும். சாட்ஸின் மென்மையான மணத்துக்கு ஆக்சிஜனே முதல் பகை. கசப்பு குறைந்த பீரை அப்படியே குடித்துவிட்டு அடுத்த முறை திருத்துவதுதான் என் பரிந்துரை.

அறிகுறி: கசப்பு கடுமையாக இருக்கிறது, நாக்கில் கரகரத்து நெடுநேரம் தங்குகிறது

முதலில் அது கசப்பா துவர்ப்பா என்று பிரித்தறிய வேண்டும். கசப்பு நாக்கில் சுவையாக உணரப்படும். துவர்ப்போ கடுக்காயைக் கடித்தாற்போல் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். ஒரு வாய் பருகி விழுங்கிய பின் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக நகர்ந்தால் கசப்பு. உலர்ந்து ஒட்டினால் துவர்ப்பு.

கசப்பே கடுமையாக இருந்தால், சந்தேகம் முதலில் தண்ணீர்மேல் விழ வேண்டும். பில்சென் நகரின் தண்ணீர் மிகமிக மென்மையானது. கால்சியம், சல்ஃபேட், குளோரைடு ஆகியவை லிட்டருக்குப் பத்து மில்லிகிராமை ஒட்டியே இருக்கும், கார்பனேட்டும் சொற்பமே. 40 அலகுக் கசப்பு அங்கே உருண்டு திரண்டு மென்மையாக இறங்குவதற்கு அந்தத் தண்ணீர் பெரிய காரணம். சல்ஃபேட் மிகுந்தால் அதே கசப்பு உலர்ந்தும் கூர்மையாகவும் தோன்றும். ஹாப்ஸைத் தூக்கிக்காட்ட ஜிப்சம் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரை, சல்ஃபேட் மிகுந்த இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத் தண்ணீரில் காய்ச்சிய ஏல் பீர்களை முன்மாதிரியாகக் கொண்டது. அதைச் சாட்ஸ் பில்ஸ்னருக்குக் கொண்டுவருவது பொருந்தாது. கார்பனேட் மிகுந்த கடினநீர் இன்னும் மோசம், ஏனெனில் அது மால்ட் ஊறலின் அமிலத்தன்மையைக் குறைத்து, ஹாப்ஸிலிருந்தும் மால்ட் உமியிலிருந்தும் வேண்டாத சாரங்களை இறக்கிவிடும்.

திருத்தம் எளிது. தண்ணீரில் முக்கால் பங்குக்கு மேல் ஆர்.ஓ. நீராக எடுத்துக்கொள்ள வேண்டும். கால்சியம் தேவையென்றால் ஜிப்சத்துக்குப் பதில் சிறிதளவு கால்சியம் குளோரைடு போதும். மேஷ் எனப்படும் மால்ட் ஊறலில் பிஎச் 5.3 முதல் 5.4 வரையும், கொதி முடிவில் 5.0 முதல் 5.2 வரையும் இருக்கும்படி லாக்டிக் அமிலத்தாலோ அமில மால்ட்டாலோ சரிசெய்ய வேண்டும். பில்ஸ்னர் மால்ட் மட்டும் இட்ட ஊறல், வறுத்த மால்ட்டின் அமிலத் துணை இல்லாததால், மென்மையான தண்ணீரிலும் தானாக இந்த அளவுக்கு இறங்காது. அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

துவர்ப்பு என்றால் காரணம் பாலிஃபீனால். அது உமியைக் கழுவிய நீர் அளவுக்கு மீறிச் சூடாகவோ, 5.8க்கு மேற்பட்ட பிஎச்சிலோ இருந்ததால் வந்திருக்கலாம். அல்லது சாட்ஸின் இயல்பினாலேயே வந்திருக்கலாம்: ஆல்ஃபா குறைவு என்பதால் எடை கூடுகிறது, எடையோடு இலைப்பொருளும் கூடுகிறது. முதல் தவணையான 60 கிராமுக்குப் பதில் 12 சதவீத ஆல்ஃபா கொண்ட மாக்னம் ரகத்தில் 15 கிராம் போட்டால் அதே கசப்பு நாலில் ஒரு பங்கு இலைப்பொருளோடு கிடைத்துவிடும். நடுத்தவணையும் கடைசித் தவணையும் சாட்ஸாகவே இருக்கட்டும். முழுக்க முழுக்கச் சாட்ஸ் இட்டால்தான் செக் லாகருக்குரிய உடற்கட்டும் கசப்பின் வட்டமும் வரும் என்று வாதிடுவோரும் உண்டு. தண்ணீரும் பிஎச்சும் கைவசமானவர்கள் அப்படியே காய்ச்சலாம், பலனும் தெரியும். அவை கைவசமாகும் வரையில் மாக்னம் பாதுகாப்பான வழி.

அறிகுறி: சாட்ஸின் மணமே தெரியவில்லை

மிகுதியாக வரும் குறை இதுதான். இதில் பாதி எதிர்பார்ப்பின் கோளாறு. அமெரிக்க ரகங்கள் பழக்கடையைப்போல் மூக்கில் மோதும். சாட்ஸ் அப்படி வராது. லேசான காரமும் உலர்மூலிகை வாசமும் ஈரமண்ணின் சாயலும் கலந்து, மால்ட்டின் ரொட்டி மணத்துக்கு அடியிலிருந்து எழுவதே அதன் இயல்பு. ஆகவே வேறெதையும் செய்யுமுன் குவளையின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். 2 டிகிரியில் எடுத்து ஊற்றிய லாகரில் எந்த மணமும் எழாது. 7 அல்லது 8 டிகிரிக்கு வரும்வரை பொறுத்து, நுரை தடித்து எழும்படி ஊற்றி, நுரை அடங்கத் தொடங்கும்போது முகர்ந்து பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் கீழ்க்கண்டவற்றை ஆராயலாம்.

ஹாப்ஸ் எண்ணெயில் பெரும்பங்கு கொதிக்கும் சாற்றில் சில நிமிடங்களிலேயே ஆவியோடு போய்விடும். மிர்சீன் முதலில் ஓடிவிடும். லினலூலும், ஹியூமுலீன் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான சேர்மங்களும் நீரில் சற்றுக் கூடுதலாகக் கரைவதால் ஓரளவு தங்கும். மரபான லாகரில் நாம் முகரும் ஹாப்ஸ் மணம் பெரிதும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்ததே. கடைசித் தவணையைக் கொதி முடிய 10 நிமிடம் இருக்கையில் இட்டுவிட்டு, பிறகு அரை மணி நேரம் சாற்றைச் சூடாகவே வைத்திருந்தால், அந்தத் தவணை நடைமுறையில் 40 நிமிடத் தவணையாகிவிடுகிறது. மணம் போய்க் கசப்பே கூடும். குளிர்விக்கும் கருவி வேகமில்லாதவர்கள் கடைசித் தவணையை அடுப்பை அணைத்த பிறகு, சாறு 80 டிகிரிக்கு இறங்கியதும் இட்டு, சுழற்றிவிட்டு 20 நிமிடம் வைத்திருந்து குளிர்விப்பது நல்லது. அந்தச் சூட்டில் ஐசோ மாற்றம் மந்தமாகிவிடுவதால் கசப்பு கொஞ்சமே ஏறும். 20 லிட்டருக்கு 40, 50 கிராம் வரை தாராளமாக இடலாம்.

ஊறலிலிருந்து முதற்சாறு பானைக்கு வடியும்போதே ஒரு பங்கு ஹாப்ஸை அதில் போட்டுவைக்கும் பழைய ஜெர்மன் முறையும் உண்டு. மணம் பெரிதாகக் கூடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கசப்பு மென்மைப்படுகிறது என்று காய்ச்சுவோர் பலர் சொல்கிறார்கள், மணத்தையும் கசப்பையும் பிணைப்பதுபோல் ஒன்று நிகழ்வதாக என் நாக்குக்கும் படுகிறது. கசப்புத் தவணையில் பாதியை இப்படி இட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

புளித்தபின் குளிரில் ஹாப்ஸ் சேர்க்கும் ட்ரை ஹாப்பிங் செக் மரபில் வழக்கமானதன்று; ஆனால் தவறும் அன்று. லிட்டருக்கு 2 கிராம், 10 முதல் 15 டிகிரியில், மூன்று நான்கு நாள்கள். அதற்கு மேல் போனால் கிடைப்பது அடுத்த அறிகுறிதான்.

அறிகுறி: பச்சைப் புல், ஊறிய தேயிலை, வெந்த கீரை நெடி

ட்ரை ஹாப்பிங் நாள் கணக்கு நீண்டதோ, அல்லது கொதியில் இட்ட மொத்த எடை கூடியதோ காரணமாக இருக்கும். முன்னதற்கு நாளைக் குறையுங்கள், பின்னதற்கு மேலே சொன்ன மாக்னம் வழி. மூன்றாவது காரணம் அரிதாக வருவது: சரியாக உலராத பூ. செடியிலிருந்து பறித்த பூவில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். அது 10 சதவீதத்தை ஒட்டி வரும்வரை உலர்த்தியே மூட்டை கட்டுவார்கள். முழுப் பூவாக வாங்கியவர்கள் ஒன்றைப் பிட்டு நடுத்தண்டை வளைத்துப் பார்க்கலாம். முறிந்தால் உலர்ந்தது, வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

புல் நெடியில் கொஞ்சம், நெடுநாள் குளிர்ச்சேமிப்பில் தானாகக் குறையும். கீரை நெடி குறையாது.

அறிகுறி: பழைய பாலாடைக்கட்டி, வியர்வை ஊறிய காலுறை நெடி

இது முழுக்க ஹாப்ஸின் குற்றம், இன்னும் சரியாகச் சொன்னால் ஹாப்ஸைச் சேமித்தவரின் குற்றம். ஆல்ஃபா அமில மூலக்கூறு ஆக்சிஜனால் சிதையும்போது அதன் பக்கச் சங்கிலி கழன்று ஐசோவேலரிக் அமிலமாகிறது, நெடி அதனுடையது. அறை வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் சாட்ஸ் தன் ஆல்ஃபா அமிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். சேமிப்பில் மிகவும் நலிந்த ரகங்களில் இது ஒன்று.

பீரில் நெடி வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. பானையில் போடுமுன் கண்டுபிடிப்பதே வழி. முழுப் பூவாக இருந்தால் இதழ்களைப் பிரித்து அடியிலுள்ள லூபுலின் பொடியைப் பாருங்கள். புதியது எலுமிச்சை மஞ்சளாக, விரலில் ஒட்டும் பிசினாக இருக்கும். பழையது செம்மஞ்சள் கடந்து பழுப்பேறி உதிரும். பெல்லட்டாக இருந்தால் நாலைந்தை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, இரு கைகளையும் சூடேறும்வரை தேய்த்து, கிண்ணம்போல் குவித்து மூக்கருகே கொண்டுசெல்லுங்கள். முதல் மூச்சில் எது வந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். அரை நிமிடம் கழித்து, எழும்பி மணப்பவை பறந்த பிறகு, அடியில் எஞ்சுவது எது என்பதே கேள்வி. மிளகும் வைக்கோலும் கலந்த வாசம் எஞ்சினால் நல்லது. புளித்த பால் வாசம் எஞ்சினால் அந்த உறையைக் கொதிக்கும் பானைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாட்ஸுக்கு மிதமான முதுமை கேடன்று. ஹியூமுலீனின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் பெறுவதால்தான் அந்தப் பழைய காரமணம் கிடைக்கிறது என்பதால், குளிரில் முறையாக வைத்திருந்த ஓராண்டுப் பூவை வெறுக்க வேண்டியதில்லை. பெல்ஜியத்தில் லாம்பிக் பீர் காய்ச்சுவோர் கசப்பும் மணமும் வடிந்த பல ஆண்டுப் பழம்பூவையே தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பாக்டீரியாவை அடக்கும் வலு மட்டுமே. லாகர் காய்ச்சுபவர் அந்த முன்னுதாரணத்தைக் காட்டித் தப்ப முடியாது.

சேமிக்கும் முறை: காற்று நீக்கிய படலப்பை, உறைபெட்டி, மைனஸ் 18 டிகிரி. திறந்த உறையை ரப்பர் வளையம் போட்டுக் குளிர்பெட்டிக் கதவில் சொருகிவைப்பது சேமிப்பாகாது.

அறிகுறி: வெண்ணெய், வெந்த மக்காச்சோளம், அழுகிய முட்டை

மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதைத் தவிர மற்றவற்றில் ஹாப்ஸுக்குப் பங்கில்லை, ஆனால் சாட்ஸின் மெல்லிய மணத்தை மூடிவிடுவதால் ‘ஹாப்ஸ் வேலை செய்யவில்லை’ என்ற முறையீடாகவே வந்து சேரும்.

வெந்த மக்காச்சோள நெடி டைமெத்தில் சல்ஃபைடு. வெளிர் பில்ஸ்னர் மால்ட்டில் அதன் முன்பொருள் மிகுதி. மூடியைத் திறந்து வைத்து 90 நிமிடம் வலுவாகக் கொதிக்கவிட்டு, பிறகு விரைவாகக் குளிர்வித்தால் தீரும். அழுகிய முட்டை நெடி லாகர் ஈஸ்ட் விடும் கந்தகம். புளிக்கும்போது வருவது இயல்பே, குளிர்ச்சேமிப்பில் வாரக்கணக்கில் வைத்தால் போய்விடும்.

வெண்ணெய் மணம் டயாசெட்டில். செக் லாகர்களில் அதன் சிறு சாயலை யாரும் குறையாகக் கொள்வதில்லை. சாட்ஸை மறைக்கும் அளவுக்கு ஏறினால்தான் கோளாறு. புட்டியில் அடைக்குமுன் சோதிக்கலாம். புளிகலத்திலிருந்து இரண்டு சிறு குப்பிகளில் பீர் எடுத்து மூடி, ஒன்றை 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, பின் இரண்டையும் ஒரே வெப்பத்துக்குக் குளிர்வித்து முகர வேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் முன்பொருள் இன்னும் மிச்சமிருக்கிறது. ஈஸ்ட்டுக்கு மேலும் சில நாள் கொடுத்து, 15, 16 டிகிரிக்கு உயர்த்தி வைத்தால் அதுவே உண்டு செரித்துவிடும். இரண்டிலும் இல்லையென்றால் குளிரவைக்கலாம்.

ட்ரை ஹாப்பிங் செய்யுமுன் வெண்ணெய் இல்லை, செய்தபின் வந்தது என்றால் அப்போது ஹாப்ஸுக்குப் பங்குண்டு. பூவிலுள்ள நொதிகள் ஈஸ்ட் உண்ணாமல் விட்ட டெக்ஸ்ட்ரின்களைச் சர்க்கரையாக உடைக்கும். புளிப்பு மீண்டும் தொடங்கும். டயாசெட்டிலும் மீண்டும் எழும். இதை அறியாமல் உடனே அடைத்துவிட்டால் புட்டிக்குள் அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும். அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அடைக்க வேண்டும்.

அறிகுறி: எரிந்த ரப்பரும் கந்தகமும் கலந்த, ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நெடி

வெளிச்சம். ஐசோ ஆல்ஃபா அமிலத்தை, பீரிலுள்ள ரிபோஃபிளேவின் துணையோடு, நீல ஒளியும் புறஊதா ஒளியும் உடைத்து ஒரு கந்தகச் சேர்மத்தை உண்டாக்குகின்றன. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரே புட்டியிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் பத்து நிமிடம் வைத்து ஒப்பிட்டால் போதும். பழுப்புப் புட்டி காக்கும். பச்சைப் புட்டியும் நிறமற்ற புட்டியும் காக்கா. கண்ணாடிக் கலத்தில் புளிக்கவைப்போர் அதைத் துணியால் மூட வேண்டும்.

அறிகுறி: கலங்கல்

குளிரில் கலங்கி, குவளையைக் கையில் பிடித்துச் சூடேற்றினால் தெளிந்தால், அது புரதமும் பாலிஃபீனாலும் சேர்ந்த குளிர்க்கலங்கல். இலைப்பொருள் மிகுந்த சாட்ஸ் பீரில் எதிர்பார்க்க வேண்டியதே. கொதியின் கடைசி 10, 15 நிமிடத்தில் இடும், தெளியவைக்கும் கடற்பாசியான ஐரிஷ் பாசியும், பிறகு 0 டிகிரியை ஒட்டிய நெடிய குளிர்ச்சேமிப்பும் தீர்க்கும். சூடேற்றியும் தெளியாவிட்டால் ஊறலில் மாவுப்பொருள் சரியாக மாறவில்லையா என்று அயோடின் சொட்டிட்டு அடுத்த முறை பாருங்கள்.

அறிகுறி: குழாய் அடைக்கிறது, பீர் அளவு குறைகிறது

140 கிராம் பெல்லட் ஒரு லிட்டர் வரை சாற்றை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொடக்க நீரில் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுப்பை அணைத்ததும் சாற்றை வேகமாகச் சுழற்றி 15 நிமிடம் அசையாமல் விட்டால் கசடு நடுவில் குவியும், ஓரத்திலிருந்து வடிக்கலாம். முழுப் பூ என்றால் தலைகீழ்: துளைத்தட்டின்மேல் பூவே வடிகட்டியாக அமையும்.

அறிகுறி: சாட்ஸ் இட்டதாகச் செய்முறை சொல்கிறது, மணமோ பழம்போல் இருக்கிறது, அல்லது சென்ற ஆண்டுப் பீர்போல் இந்த ஆண்டு வரவில்லை

பழமணம் என்றால் உறையில் விளைந்த நாட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் நட்ட சாட்ஸ் ஜாடெட்ஸ் மண்ணில் விளைந்ததைப்போல் இராது. நியூசிலாந்தின் மோட்டுவெகா சாட்ஸின் வழித்தோன்றலே ஆனாலும் எலுமிச்சை மணம் தூக்கி நிற்கும், பி சாட்ஸ் என்ற பழைய பெயரில் விற்றதும் உண்டு. மாற்று தேவைப்பட்டால் ஜெர்மனியின் டெட்னாங், ஷ்பால்ட், போலந்தின் லூப்ளின் ஆகியவை இதே குடும்பத்தின் நெருங்கிய உறவுகள். அவற்றைத் தயங்காமல் இடலாம்.

ஆண்டுக்காண்டு மாறுவது வேறு கதை. ஜாடெட்ஸ் வட்டாரம் மலைகளின் மழைமறைவில் இருப்பதால் இயல்பாகவே மழை குறைவு; கோடையும் வறண்டு வெப்பமும் ஏறினால் ஆல்ஃபா சரிந்துவிடும். ஐரோப்பிய ஹாப்ஸ் வட்டாரங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, 2050க்குள் மரபு ரகங்களின் ஆல்ஃபா அளவு 20 முதல் 31 சதவீதம் வரை குறையலாம் என்று கணித்திருக்கிறது. இத்தகைய ஆண்டுச் சரக்கு கையில் கிடைத்தால், எல்லாத் தவணைகளையும் ஒரே விகிதத்தில் கூட்டிவிடுவது பலரும் செய்வது. அது சரியன்று. ஆல்ஃபா குறைந்த அளவுக்கு எண்ணெயும் குறைந்திருக்கும் என்று கொள்ள முடியாது. கடைசித் தவணையையும் கூட்டினால் புல் நெடியே மிஞ்சும். முதல் தவணையை மட்டும் ஆல்ஃபா கணக்கின்படி கூட்டுங்கள், அல்லது அந்தப் பற்றாக்குறையை மாக்னத்தால் நிரப்புங்கள். நடுத்தவணையிலும் கடைசித் தவணையிலும் சென்ற ஆண்டு இட்ட அதே கிராம் இருக்கட்டும், அதையும் உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்த பிறகு.